இனிஷியல் இல்லாத முருகன்

இதழியல் முதுகலைத் தேர்வில் எங்களுக்கு ஒரு பத்து மார்க் கேள்வி நிச்சயம் உண்டு: லைனோடைப் இயந்திரம் இயங்கும் விதத்தைப் படத்துடன் விளக்குக. அது 1886-ல் நியூயார்க்கில் ஓடத் தொடங்கிய இயந்திரம். நாங்கள் மதுரையில் அதைப் படித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ஊரில் இருந்த நாளிதழ்களெல்லாம் அதற்குள் ஆஃப்செட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் மாறியிருந்தன. நாங்கள் மட்டும் விடைத்தாளில் ஈயத்தைக் காய்ச்சி வரிவரியாக வார்த்துக்கொண்டிருந்தோம்.

சமீபத்தில் ஒரு கல்லூரிக்கு விருந்தினர் வகுப்பு எடுக்கப் போனேன். சமூக ஊடகம் பற்றிய பாடத்தில் முதல் உதாரணம் டிக்டாக். அரசாங்கம் அதை 2020 ஜூனிலேயே தடை செய்தாயிற்று. பிள்ளைகள் சிரத்தையாகக் குறிப்பெடுத்திருந்தார்கள். பரவாயில்லை, மரபு காப்பாற்றப்படுகிறது.

வசதியில் மட்டும் எங்களுக்கும் இவர்களுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எங்கள் துறையின் மொத்தச் சொத்து ஒரு டைப்ரைட்டர், பீரோவுக்குள் பூட்டி வைத்த ஒரு கேமரா. பீரோ சாவி துறைத்தலைவரின் இடுப்பில். இப்போது குளிரூட்டிய ஸ்டுடியோ, பச்சைத் திரை, டெலிபிராம்ப்டர். செய்தி வாசிப்புப் பயிற்சி என்றால் அன்று எல்லோருமே வானொலியில் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி ஆகிவிடுவோம், ஆண்கள் உட்பட. இன்று யாரும் வாசிப்பதில்லை, அதட்டுகிறார்கள். வானிலை அறிக்கையைக்கூட ஒரு பையன் கைது நடவடிக்கை மாதிரி சொன்னான்.

"வக்கீலுக்குப் படிச்சா கோர்ட்டுக்குப் போகலாம், நீ இதைப் படிச்சிட்டு எங்கடா போவே?" என்று கேட்டார் என் அப்பா. இன்றைய அப்பாக்கள் "பிளேஸ்மென்ட் உண்டா சார்?" என்கிறார்கள். கேள்வி அதேதான், ஃபீஸ்தான் கூடியிருக்கிறது. (வகுப்பில் பாதிப் பேர் சினிமாவுக்குப் போகத்தான் சேர்ந்தார்கள் என்பதும் மாறவில்லை.)

எங்களுக்கு உருப்படியாக ஒன்று நடந்தது என்றால் அது திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். பேராசிரியர் எங்களை அங்கே விரட்டிவிடுவார். மாலைக்குள் ஆளுக்கொரு செய்தி வேண்டும். மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் அன்றைய ஊர் நிலவரம் மொத்தமும் கிடைத்துவிடும். ஒருமுறை, பட்டா கேட்டு வந்த முருகன் என்பவரைப் பற்றி நண்பன் உருக்கமாக எழுதிக் கொடுத்தான். பேராசிரியர் சிவப்பு மையால் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "திருப்பரங்குன்றத்துல இருக்கிறவருக்கும் அழகர்மலையில இருக்கிறவருக்கும்தான் இனிஷியல் வேண்டாம். மத்த முருகனுக்கெல்லாம் அப்பா பேரு, வயசு, ஊரு மூணும் வேணும். போய்க் கேட்டுட்டு வா." அவன் பஸ் பிடித்துப் போனான். முருகன் வீட்டில் சாப்பாடும் போட்டார்கள்.

இப்போதும் மாணவர்கள் திங்கட்கிழமை போகிறார்கள். ஒரு குழுவோடு நானும் போனேன். கையில் கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பல், சட்டையில் குத்தும் குட்டி மைக். வரிசையில் நின்ற ஒரு பாட்டியின் சேலையில் மாணவி மைக்கைக் குத்தினாள். அந்த நாளில் எங்களைப் பார்த்து "ஆபீசருங்களா தம்பி?" என்பார்கள். பாட்டி கேட்டது, "பாப்பா, இது யூடியூப்பா? எத்தனை மணிக்கு வரும்?" பிறகு முந்தானையைச் சரி செய்துகொண்டு, கேமராவைப் பார்த்து, முதியோர் பென்ஷன் நின்றுபோன கதையைத் தங்குதடையின்றிச் சொன்னார். லீட், விவரம், பின்னணி எல்லாம் ஒழுங்காக வந்தது. வகுப்பிலேயே நல்ல ரிப்போர்ட்டர் அவர்தான்.

வீடியோ அன்று மாலையே தயார். பின்னணியில் சோக இசை. தலைப்பு: 'கலெக்டர் ஆபீசில் கதறிய பாட்டி! அடுத்து நடந்தது என்ன?' பாட்டி கதறவும் இல்லை, அடுத்து எதுவும் நடக்கவும் இல்லை. முக்கியமானதை முதல் வரியில் வை, இடம் போதாவிட்டால் கடைசியிலிருந்து வெட்டுவார்கள் என்று எங்களுக்குத் தலைகீழ் பிரமிடைச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று முக்கியமானதை மறைத்து வைப்பதே வித்தை. பிரமிடு ஒருவழியாக நிமிர்ந்துவிட்டது.

"பாட்டி பேர் என்னம்மா?" என்று மாணவியைக் கேட்டேன். "பேரு கேட்கலை சார். விஷுவல் ஸ்ட்ராங்கா இருந்துச்சு."

சட்டத்தில் எங்களைவிட இன்றைய மாணவர்களுக்கு யோகம். 1867-ஆம் ஆண்டின் அச்சக, புத்தகப் பதிவுச் சட்டத்தை நாங்கள் மனப்பாடம் செய்தோம். வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டத்துக்கு 2023-ல்தான் மாற்று வந்தது. அவர்களிடமோ 2005-லிருந்து தகவல் உரிமைச் சட்டமே இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். எங்களுக்கு ஒரு கோப்பின் நிறம் தெரியவே ப்யூனுக்குப் பல மாதம் வணக்கம் வைக்க வேண்டியிருந்தது. யாராவது மனு போட்டதுண்டா என்று வகுப்பில் கேட்டேன். சட்டப் பிரிவுகளைக் கடகடவென்று ஒப்பித்தார்கள். மனு போட்டவர் எவருமில்லை. பாட்டியின் பென்ஷன் ஏன் நின்றது என்பதிலிருந்து தொடங்கலாமே என்றேன். அது செமஸ்டருக்குள் முடியாதாம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவுக்கு ஒரு மாணவரோ மாணவியோ மைக்கோடு வந்தால் விரட்டாதீர்கள். அவர்கள் கேட்காவிட்டாலும், பேச்சைத் தொடங்குமுன் உங்கள் பெயரை இனிஷியலோடு சொல்லிவிடுங்கள். முடிந்தால் வயதையும் ஊரையும்.