இணைப்பந்தாதி: சண்டிலிப்பாய்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்க்குத் தமிழ் இலக்கிய வரலாற்றில் ஓரிடம் கிடைத்தது அங்கே கோயில்கொண்ட கல்வளைப் பிள்ளையாரால். 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், நல்லூர் சின்னத்தம்பிப் புலவர் அப்பிள்ளையார்மேல் கல்வளையந்தாதி என்னும் யமக அந்தாதி ஒன்று பாடினார். ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த பாட்டுத் தொடங்கும், இது அந்தாதி. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் எழுத்துக்கூட்டம் அடிதோறும் திரும்பி வந்து வேறு வேறு பொருள் தரும், இது யமகம். பக்கத்தில் ஒரு பண்டிதர் இல்லாவிட்டால் விளங்காது. இவ்விரு உத்திகளையும் இன்று நாள்தோறும் கையாள்பவர்கள் புலவர்கள் அல்லர், குறுஞ்செய்தித் திருடர்களே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அவர்கள் கல்வளையந்தாதியைப் பாடங்கேட்டவர்கள் என்று நான் வாதிடவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு எழுத்துப்பிழை விடமாட்டார்கள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலபாடம் இவ்வூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கைப்பேசியில் கிடைத்தது. (இனி இவர் ‘ரீச்சர்’ எனப்படுவார்.) ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கித் தருகிறேன்: ‘உங்கள் பொதி களஞ்சியத்துக்கு வந்துவிட்டது. வீட்டிலக்கம் தெளிவில்லாமையால் விநியோகிக்க இயலவில்லை. 12 மணித்தியாலத்துக்குள் கீழுள்ள இணைப்பில் முகவரியைத் திருத்தவும்.’ அடியில் அஞ்சல் திணைக்களத்தின் பெயர். பாடபேதங்கள் உண்டு, சில பிரதிகளில் 24 மணித்தியாலம். அனுப்பிய இலக்கம் மட்டும் எல்லாப் பிரதியிலும் ஏதோ வெளிநாட்டு இலக்கம். இலங்கை அஞ்சல் திணைக்களம் இத்தகைய செய்திகள் தன்னுடையவை அல்ல என்று பலதடவை அறிவித்தும், பாடம் வழக்கொழிந்தபாடில்லை.

அகச்சான்று ஒன்றே இதைப் போலியென்று காட்டப் போதும். வீட்டிலக்கம் பார்த்தா இங்கே கடிதம் வருகிறது? ‘கோயிலடி, மூத்த மகள் ஜேர்மனி’ என்றால் தபாற்காரர் படலையில் வந்து மணியடிப்பார். ஆனால் ரீச்சருக்கு ரொறன்ரோவிலிருந்து உண்மையிலேயே ஒரு பார்சல் வர இருந்தது. “தம்பி, மருமகள் சுவெற்றர் அனுப்பினவள், அதுதான் மறிபட்டு நிக்குது போல” என்றார். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக்கு, எந்த நேரத்தில், ஏதாவதொரு பார்சல் வர இல்லை? திருடன் குறிபார்த்துச் சுடவில்லை. சும்மா சுட்டாலே படுகிற ஊர் இது.

இனி அந்தாதி இலக்கணம். இணையத்தில் ஒரு முகவரிக்குப் போனால், அங்குள்ள கணினி ‘நீ தேடியது இங்கே இல்லை, அங்கே போ’ என்று திருப்பிவிடலாம். இதற்கென இலக்கங்கள் உண்டு. 301 என்றால் நிரந்தரமாக மாறிவிட்டது. 302 என்றால் தற்காலிகமாக. (இவ்வேறுபாட்டை வலிகாமத்தாருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நாலு நாளைக்கென்று கிளம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கனடாவில் பல்கலைக்கழகம் போகிறார்கள்.) திருப்பிவிடுவது குற்றமில்லை. நீண்ட முகவரிகளைக் குறுக்கித் தருவதற்காக 2002இல் டைனியூஆர்எல்லும் 2008இல் பிட்லியும் வந்தது நல்ல நோக்கத்தில்தான். குறுக்கின முகவரியைத் தொட்டால் அது நீண்டதற்கு அனுப்பும். திருடன் செய்தது, ஓரடியை ஈரடியாக்கி, ஈரடியை ஐந்தடியாக்கியது.

ஏன் இத்தனை அடி? முதலாவது, குறுஞ்செய்தியையும் மின்னஞ்சலையும் சலிக்கிற இயந்திரம் பெரும்பாலும் முதற்சீரைத்தான் படிக்கிறது. அங்கே பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் முகவரி இருக்கும். பெரிய நிறுவனங்களின் தளங்கள் சிலவற்றில், பின்னால் எந்த முகவரியை ஒட்டினாலும் கேள்வி கேளாமல் அங்கே அனுப்பிவைக்கும் வாசல் திறந்தே கிடக்கிறது. பெரிய மனிதர் வீட்டு முன்கதவால் நுழைந்து பின்வளவால் வெளியேறுவது போல. இரண்டாவது, ஈற்றடியில் உள்ள போலித்தளத்தை யாராவது முடக்கினால் புதிதாக ஒன்றை வைத்து, நடுவடியை மட்டும் திருத்தினால் சரி. ஊரெல்லாம் போய்ச்சேர்ந்த செய்தி உயிரோடிருக்கும். மூன்றாவதுதான் நுட்பம். நடுவில் இருக்கும் கணினி வருகிறவரைப் பார்த்து அடுத்த அடியைத் தீர்மானிக்கும். இலங்கைக் கைப்பேசியில் தொட்டால் ‘அஞ்சல் திணைக்களம்’. அதையே பரிசோதகர் மேசைக்கணினியில் திறந்தால் வெற்றுப்பக்கம் அல்லது உண்மையான கூகுள். “ஒண்டும் இல்லையே ரீச்சர்” என்று அவர் சொல்லிவிட்டுப் போவார். ரீச்சரின் மானமும் போகும்.

அந்தாதியின் ஈறு முதலோடு போய்ப் பொருந்துவதை மண்டலித்தல் என்பர். திருடன் கைதவறி அப்படி மண்டலித்துவிட்டால் உலாவி சுற்றத் தொடங்கி, 20 திருப்பத்தோடு அலுத்து நின்றுவிடும். நம் புலவர்கள் நூறுவரை தாக்குப்பிடித்தவர்கள்.

யமகத்துக்கு வருவோம். ஆங்கில எம் எழுத்து வரவேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு சிற்றெழுத்துக்களை நெருக்கி வைத்தால் சின்னத் திரையில் எம் போலவே தெரியும். ஓவுக்குப் பூச்சியம், எல்லுக்கு ஒன்று. 2017இல் ஓர் ஆய்வாளர் ஆப்பிள் நிறுவனத்தின் பெயரை முழுக்கச் சிரிலிக் எழுத்துக்களால் பதிந்து காட்டினார். குரோமிலும் பயர்பொக்ஸிலும் அசலுக்கும் அதற்கும் கண்ணால் வேற்றுமை காணமுடியவில்லை. யமகத்தைப் பிரித்தறிய ஒரு வழி, பின்னிருந்து படிப்பது. முகவரியின் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடி, அதற்கு இடப்பக்கம் ஒட்டி நிற்பதைப் பார்க்கவேண்டும். எங்கள் அஞ்சல் திணைக்களம் என்றால் அவ்விடத்தில் ‘ஜிஓவி டொட் எல்கே’ இருக்கும். அரச நிறுவனம் அல்லாதார்க்கு அது கிடைக்காது. முன்னால் ‘போஸ்ட்’, ‘லங்கா’ என்று என்ன கோலம் போட்டிருந்தாலும், கோட்டருகே ‘டொட் டொப்’ என்றோ ‘டொட் எக்ஸ்வைஸட்’ என்றோ முடிந்தால் சுவெற்றர் அங்கே இல்லை. பிட்லி இணைப்பென்றால் வாலில் ஒரு கூட்டற்குறி சேர்த்துத் திறந்தால், அடுத்த அடி எதுவென்று காட்டிவிடும்.

போலிப்பக்கத்தில் கேட்கும் கட்டணம் அற்பம். நூறு இருநூறு ரூபா. அதற்காக அவர்கள் இவ்வளவு பாடுபடவில்லை. அட்டை இலக்கமும், பின்புறத்து மூன்று இலக்கமும், பிறகு வங்கி அனுப்பும் ஒருதடவைக் கடவுச்சொல்லுமே ஈற்றடி. அதுவரை போனவர்கள் இக்கட்டுரையை இதோடு நிறுத்திவிட்டு வங்கிக்கு அடித்து அட்டையை முடக்கவும்.

முறையிடுதல் பற்றிய மரபான கோட்பாடு ஒன்று இவ்வூரில் நிலவுகிறது. செய்தியை அப்படியே குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டு, மேலே ‘கவனம்’ என்று எழுதுவது. இது முறையிடுதல் அன்று, பதிப்பித்தல். காட்டத்தான் வேண்டுமென்றால் திரையைப் படமெடுத்துக் காட்டலாம். இணைப்பு உயிரோடு போகாது. 2006இல் தொடங்கிய, இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101இல் அடிக்கலாம். சொல்லும்போது அரைகுறையாகச் சொன்னால், பரிசோதகர் வெற்றுப்பக்கம் பார்த்த கதைதான். முழு இணைப்பு, வந்த நேரம், அனுப்பிய இலக்கம், எந்தப் போனில் என்ன தெரிந்தது, எல்லாம் வேண்டும். எழுத்தில் அனுப்புகிறவர்கள் ‘எச்டிடிபி’யில் உள்ள இரண்டு டியையும் எக்ஸாக்கி விடுவது துறை வழக்கு, தவறிக் கை பட்டாலும் திறக்காது. முதலடியைக் குறுக்கித் தந்த நிறுவனத்துக்கும் முறைப்பாட்டுப் பக்கம் உண்டு. அங்கே வெட்டினால் மிச்ச அடிகள் அந்தரத்தில் நிற்கும். ஈற்றடியைக் கூகுளின் பாதுகாப்பான உலாவல் பக்கத்தில் பதிந்தால், அது பட்டியலில் ஏறிய பின் குரோமும் பயர்பொக்ஸும் சஃபாரியும் சிவப்புத்திரை போட்டு மறிக்கும். வட்ஸ்அப்பில் வந்ததென்றால் அதிலேயே ‘ரிப்போர்ட்’ உண்டு. கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும்.

புலம்பெயர்ந்த தகவலாளிகள் தத்தம் நாட்டு வழக்கைப் பின்பற்றலாம். பிரித்தானியாவிலும் கனடாவிலும் திருட்டுக் குறுஞ்செய்தியை 7726க்கு அனுப்பினால் தொலைபேசி நிறுவனத்துக்குப் போய்ச்சேரும். பழைய பொத்தான் போனில் ஸ்பாம் என்று ஆங்கிலத்தில் எழுதினால் விழும் இலக்கமே அது. ரீச்சரின் லண்டன் மருமகன் முறைப்படி அவ்வாறு அனுப்பினார். அனுப்பிய கையோடு குடும்பக் குழுவிலும் இணைப்பைப் போட்டு, “ஒருத்தரும் இதை அழுத்தாதேங்கோ” என்று எழுதினார். ஏன் அழுத்தக்கூடாதாம் என்று பெரியம்மா அழுத்திப் பார்த்தார்.