புல்தரைப் பலகை: ஓர் அளவையியல் ஆய்வு

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கும் காலத்தில் வீட்டு முன்புறப் புல்தரையில் முளைப்பனவற்றுள், களையை நீக்கினால், ஆய்வுக்குரியதாக எஞ்சுவது 'யார்டு சைன்' ஒன்றே. வேட்பாளரின் பெயரையோ வீட்டாரின் கொள்கையையோ தாங்கி, பெரும்பாலும் 18க்கு 24 அங்குல அளவில், அதாவது சரியாக 3 சதுர அடியில், கம்பிக்காலால் மண்ணில் குத்தி நிறுத்தப்படும் பிளாஸ்டிக் அட்டைக்கே அப்பெயர். அது எங்கே, எவ்வளவு பெரிதாக, எத்தனை நாள் நிற்கலாம் என்பதை ஊருக்கு ஊர் வெவ்வேறாக விதித்திருப்பதால், ஓர் ஊரில் உரிமையாக நிற்பது எல்லைத் தெருவைத் தாண்டியதும் விதிமீறல் ஆகிவிடக்கூடும். நடைபாதைக்கும் சாலைக்கும் இடைப்பட்ட புல்பட்டை இத்துறையின் தீராப் புதிர்: அங்கே புல் வெட்டும் கடமை பெரும்பாலும் வீட்டுக்காரருடையது, பலகை நடும் உரிமையோ, அது பொதுவழி நிலம் என்பதால், பல ஊர்களில் எவருக்கும் இல்லை.

மிசோரி மாநிலத்தின் லடூ நகரம் இத்துறைக்கு அளித்த கொடை பெரிது. 1990 டிசம்பரில் அவ்வூர்ப் பெண்மணி ஒருவர் வளைகுடாப் போர் வேண்டாம் என்று 6 சதுர அடிப் பலகை ஒன்றை நட, அது காணாமற்போயிற்று. அடுத்து நட்டது தள்ளிவிடப்பட்டது. முறையிடப் போனவரிடம், அப்படிப்பட்ட பலகைக்கே ஊரில் தடை என்று காவல்துறை தெரிவித்தது. அவர் வழக்குத் தொடுத்து, விதிக்கு இடைக்காலத் தடை பெற்று, மாடிச் சன்னலில் 8.5க்கு 11 அங்குலத் தாள் ஒன்றை வைத்தார். எதிர்ப்பின் பரப்பு இவ்வாறு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியும் நகர மன்றம் அமைதி கொள்ளாமல், பழைய விதியை நீக்கிப் பத்து விலக்குகளுடன் புதியதோர் தடைவிதியை இயற்றியது. வீடு விற்பனைக்கு என்னும் பலகை அவ்விலக்குகளுள் ஒன்றாகையால், லடூவில் வீட்டை வேண்டாம் எனலாம், போரை வேண்டாம் எனலாகாது என்பது பெறப்பட்டது. 1994இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாக அப்புதிய விதியைச் செல்லாதாக்கினர்.

அரிசோனாவின் கில்பர்ட் இன்னும் நுணுகிச் சென்றது. அங்கே கொள்கைப் பலகைக்கு 20 சதுர அடி, குடியிருப்பு நிலத்தில் தேர்தல் பலகைக்கு 16, நிகழ்ச்சிக்கு வழிகாட்டும் பலகைக்கு வெறும் 6. கடைசியாகச் சொன்னதை நிகழ்ச்சிக்கு 12 மணி நேரத்துக்கு முன் நடவும் கூடாது, முடிந்து 1 மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கவும் கூடாது. சொந்தக் கட்டடம் இல்லாத சிறு திருச்சபை ஒன்று, ஞாயிறு காலை வழிபாட்டுக்கு வழிகாட்ட, சனி இரவு இருட்டில் பலகை நட வேண்டியதாயிற்று. வேட்பாளரைக் காட்டும் பலகையினும் கடவுளிடம் வழிகாட்டும் பலகை 10 சதுர அடி சிறியது என்னும் இதன் இறையியல் தனி நூலுக்குரியது. 2015இல் இவ்விதியும் வீழ்ந்தபோது, சிரிப்புத் தேர்வில்கூட இது தேறாது என்று நீதிபதி எலினா கேகன் தம் தனிக் கருத்துரையில் எழுதினார். அத்தேர்வுக்குச் சட்டக் கல்லூரிகள் இன்னும் பாடத்திட்டம் வகுக்காதது குறையே.

இவற்றின் பயனாக, பலகை சொல்வதை வைத்து வகை பிரிக்கும் விதி நிற்பது அரிதாயிற்று. அளவு, உயரம், இடம் ஆகியவற்றை மட்டும் நோக்கும் விதியே நிலைக்கிறது. ஆகவே நகராட்சி அலுவலர், எழுதப்படிக்கத் தெரிந்தவராயினும், பலகைக்கு முன் நாடாவோடு குனியும்போது அத்திறனைச் சற்று மறந்திருத்தல் நலம். குடியிருப்பின் வீட்டுரிமையாளர் சங்கமோ தனியார் அமைப்பு. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அதைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதால், மாநிலச் சட்டம் குறுக்கிடாதவரை, அதன் நிர்வாகிகள் பலகையை எழுத்தெண்ணிப் படிக்கலாம்.