உத்தரத்துல தொங்குற பேராண்டிக்கு

உத்தரத்துல தொங்குறதக் கொஞ்சம் நிறுத்துறியா பேராண்டி? லயத்துக் கூரை ஏற்கனவே ஒழுகுது. நீ உயருறதுக்குள்ள அது இறங்கிடும். போன்ல எவனோ மூணு மாசத்துல மூணு அங்குலம் வளத்து விடுறேன்னு மாவு விக்கிறானாம், அதுக்கு உங்கப்பன் றப்பர் பால்வெட்டுக் காசுல பங்கு கேக்குறியாம். தாராளமாக் கேளு. உன் எலும்புகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டியா?

நீ நடுவுல பிடிச்சு இழுக்குறே, அது முனையிலல்லவா வளருது! தொடை எலும்பு மாதிரி நீட்டெலும்புக்கு ரெண்டு முனைக்கிட்டயும் மெல்லிசாக் குருத்தெலும்புத் தட்டு ஒண்ணு இருக்கும். அதுல உயிரணு அடுக்கடுக்காப் பெருகும், பழைய அடுக்கு சுண்ணாம்பேறி எலும்பா இறுகும். பொம்பளப் புள்ளைக்கு 14, 15 வயசுலயும் ஆம்பளப் பயலுக்கு 16லருந்து 18க்குள்ளயும் அந்தத் தட்டே எலும்பா மூடிக்கும். உனக்கு 19 முடிஞ்சு போச்சு. காறை எலும்போட நெஞ்சுப்பக்க முனை மட்டும் 25 வரைக்கும்கூட மூடாமக் கெடக்குமாம். அதை நம்பித் தொங்காத, தோள்தான் அகலும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. உன் சயன்ஸ் புத்தகந்தான். நீ அதத் தலைக்கு வச்சுத் தூங்குனே, நான் விரிச்சு வச்சுப் படிச்சேன்.

நீ பொறந்தப்ப உன் ஒடம்புல 300 எலும்பு வரைக்கும் இருந்திருக்கும். இப்ப 206. மிச்சத்தக் கணக்கப்புள்ள பத்துச்சீட்டுல கழிச்சிட்டாருன்னு ஆபீஸுக்குச் சண்டைக்குப் போயிடாத. அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. இடுப்பெலும்பு மூணு ஒண்ணானதும் அந்தக் கணக்குதான்.

வளந்து முடிஞ்சாலும் எலும்பு சும்மா இருக்காது. உள்ளுக்குள்ள ரெண்டு கூட்டம் வேலை செய்யுது. ஒண்ணு பழசை அரிச்சு இடிக்கும், இன்னொண்ணு கொலாஜன் நாரைப் பின்னி அதுமேல கல்சியத்தையும் பொஸ்பேற்றையும் ஏத்திக் கட்டும். பத்து வருசத்துக்குள்ள எலும்புக்கூடு பெரும்பாலும் புதுசாயிடுமாம். நம்ம லயத்த வெள்ளைக்காரன் கட்டுனதோட சரி. முப்பது வயசு வரைக்கும் கட்டுற கூட்டத்துக்குத்தான் கை ஓங்கியிருக்கும், அப்புறம் இடிக்கிறவன் பாடு கொண்டாட்டம். பொம்பளைக்கு மாதவிலக்கு நின்னதும் அவன் வேகம் இன்னும் கூடிப்போகும். உங்க அப்பாயி என் காதுவரைக்கும் இருந்தவ, இப்ப என் நெஞ்சுக்கு வந்துட்டா. கோவம் மட்டும் ஒரு அங்குலங்கூடக் குறையல.

ஆக, உனக்கு நீட்ட வழியில்லை, தடிக்க வழியிருக்கு. பாரம் விழுற எலும்புதான் தடிக்கும். டென்னிஸ் ஆடுறவுக பந்தடிக்கிற கையெலும்பு மத்தக் கையவிடத் தடிச்சிருக்குன்னு அளந்து பாத்திருக்காங்க. நம்ம பால்வெட்டுக் கையை அளக்க எவனும் டேப்பு தூக்கிட்டு இந்த மலையேறி நான் பாக்கல. உங்கப்பனோட பால்வாளிய நாளைக்கு நீ தூக்கு. மாவுக்காரன் அதைச் சொல்லமாட்டான், வாளிய வித்தா அவனுக்கு என்ன கிடைக்கும்?

குள்ளம் நம்ம சாதியிலயே ஊறுனதுன்னு அன்னைக்கு ஒரு பெரிய மனுசன் சொன்னாருல்ல? அவர ஒருநாள் குருவிட்ட பக்கம் கூட்டிக்கிட்டுப் போகணும். அங்க பட்டதொம்பலென குகை இருக்கு. பழைய எலும்பு தேடுன அப்பா தெரணியகலவும் மகன் சிரான் தெரணியகலவும் தோண்டுன எடம். 28,000 வருசத்துக்கு முந்துன மனுச எலும்பு அங்க கிடைச்சிச்சு. பலாங்கொட மனுசன்னு சொல்லுறாங்களே, அந்தக் கூட்டம். எலும்ப வச்சுக் கணக்குப் போட்டா ஆம்பளை சுமாரா 174 சென்டிமீட்டர், பொம்பளை 166. தின்னது கொரங்கு, அணில், நத்தை, கெக்குணக் கொட்டை, காட்டு ஈரப்பலாக்காய். அவனுக்குப் பெரட்டும் இல்லை, கங்காணியும் இல்லை, சம்பளப் பேச்சுவார்த்தையும் இல்லை.

இந்தப் பக்கம் வா. 2016ல தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த கணக்குல, நாடு முழுக்க அஞ்சு வயசுக்குள்ள இருக்குற புள்ளைங்க நூத்துல 17 பேருக்கு வயசுக்கேத்த உயரம் இல்லை. தோட்டத்துல மட்டும் பாத்தா நூத்துக்கு 32. அதே மலை, அதே மழை. கொரங்கு தின்னவன் நிமிந்து நின்னான், கம்பெனிக்குக் கொழுந்தும் பாலும் அளந்து கொடுக்குறவன் வீட்டுப் புள்ள கூனிப்போச்சு. இதுல சாதி எங்க வருது? வயித்துல இருக்கறப்ப தாய்க்கு என்ன கிடைச்சிச்சு, பொறந்து ரெண்டு வருசத்துல புள்ளைக்கு என்ன கிடைச்சிச்சு, எத்தனை தடவை வயித்தால போச்சு, அதுலயுந்தான் உயரம் முடிவாகுது. ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் பசியத்தான் அமத்தும். கிளினிக்ல தாய்க்குன்னு குடுக்குற திரிபோஷாவ உருண்டை பிடிச்சு வீட்டு ஆம்பளைக முழுங்குற கதை உனக்கே தெரியும். போன மாசம் உன் வாயோரத்துலயும் மாவு பாத்தேன், நான் ஒண்ணும் சொல்லல.

உங்கண்ணி முழுகாம இருக்கா. தங்கச்சிக்கு 11 வயசு, இப்பத்தான் அவ எலும்பு வெறியா வளருற நேரம். அந்த மாவுக் காசை எங்கிட்டக் குடு, முட்டைக்கோழி ரெண்டு வாங்கிக் கூண்டுல விடுறேன். மொத முட்டை அண்ணிக்கு, ரெண்டாவது தங்கச்சிக்கு. மூணாவது அப்பாயிக்குன்னு சொல்லி நான் தின்னுக்கிறேன். நீ நாலாவது முட்டைக்கு வரிசையில நில்லு, நிமிந்து நில்லு, அதுலயே அரை அங்குலம் கூடத் தெரியும்.