நியான் டெட்ராவின் அச்சம்: மெய்ப்பாட்டியல் நோக்கில் ஓர் ஆய்வு

மெய்ப்பாடு எட்டு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக நிறுத்தினார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேராசிரியர் முதலிய உரைகாரர்கள் இந்நான்கையும் மாந்தர்க்கே உரியனவாகக் கொண்டு உரை எழுதிச் சென்றனர். வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டடி மீன்தொட்டிக்கு இச்சூத்திரம் செல்லுமா என்ற வினாவை அவர்கள் எழுப்பவில்லை. இப்பெருங்குறை இனியும் நீடிக்கலாகாது.

ஆய்வுப்பொருள் நியான் டெட்ரா. மேற்கு அமேசானின் கறுநீர் ஓடைகளைப் பூர்விகமாகக் கொண்டது. மூன்று சென்டிமீட்டர் நீளம். 1936இல் ஜார்ஜ் மையர்ஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். சென்னைக் கொளத்தூர் மீன்கடைத் தொட்டியில் கூட்டமாக நிற்கும்போது அதன் நீலக்கோடு கண்ணைப் பறிக்கிறது. பையில் ஆக்சிஜன் அடைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும் கோடு மங்கிவிடுகிறது, மீன் ஃபில்டருக்குப் பின்னால் போய்விடுகிறது. வாங்கியவர் பார்த்து மகிழ எஞ்சுவன தண்ணீரும் கரண்ட் பில்லும்.

முதற்கண் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். தொட்டியெங்கும் தறிகெட்டுப் பாய்வதும், மேல்மட்டத்தில் தொங்கிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுவதும் அச்சத்தின் மெய்ப்பாடு அல்ல. குழாய்நீரின் குளோரினோ, புதுத்தொட்டியில் சேர்ந்த அம்மோனியாவோ அங்கே வேலை செய்கிறது. கழிவைச் செரிக்கும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேறச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை வாங்கி வந்தவர்க்கு இலக்கணம் உதவாது. தொட்டித் தண்ணீரை ஆன்டி-குளோரின் கலந்த புதுத்தண்ணீரால் மாற்றுவதே வழி.

அணங்காவது, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தாக்குவது. தொட்டிக்கு அணங்கு லைட் சுவிட்ச். மீனுக்கு இமை கிடையாது. நள்ளிருட்டில் நிற்கும் உயிரின் தலைக்கு மேல், வைகறையும் விடியலும் இன்றி, நேரே உச்சிப்பொழுதைக் கொண்டுவந்து கொட்டுகிறோம். அறை விளக்கை முதலில் போட்டு, சற்றுப் பொறுத்துத் தொட்டி விளக்கைப் போட வேண்டும். அணைக்கும்போது இம்முறையைத் தலைகீழாக்குக. டைமர் வைப்பது மேலும் நலம், அதற்கு ஞாயிற்றுக்கிழமை சோம்பல் இல்லை.

கண்ணுக்குப் புலனாகாத மற்றோர் அணங்கு ஓசை. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் விரையும், காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். போதாக்குறைக்கு டெட்ரா, கெண்டை, கெளுத்தி வகையறாக்களின் காற்றுப்பையிலிருந்து உட்செவிவரை சிறு எலும்புகளின் வரிசை ஒன்று உண்டு. 1820இல் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் அதை விவரித்ததால் வெபர் உறுப்பு என்பர். ஆகவே ஊரிலிருந்து வரும் பெரியப்பா, “என்னடா, தூங்குதா?” என்று மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டும்போது அம்மீன் முழு உடம்பையும் காதாக்கிக் கேட்கிறது. பெரியப்பாவைத் தடுக்கும் முறை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அடுத்து விலங்கு. இங்கேதான் நமக்கும் மாற்றுக் கட்சியார்க்கும் வழக்கு. “காசு கொடுத்து வாங்கிய மீன் கண்ணில் பட வேண்டாமா? செடி வைத்தால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், ஆகவே தொட்டியை வெறுமையாக வைப்பதே தக்கது” என்பாரும் உளர். வெள்ளைக் கூழாங்கல், நீலத் தாள், நடுவே வாய் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை: இது அவர்கள் நெறி. அது பொருந்தாது. ஒளிய இடமில்லாத மீன் மூலையில் ஒடுங்கி நிற்கும். ஒளிய இடமுள்ள மீனோ, ஓடினால் எங்கே புகலாம் என்பது தெரிந்திருப்பதால், நடுவெளிக்கு வந்து உலாவும். செடியைக் கூட்டக் கூட்ட மீன் கண்ணில் படுவது கூடும். இதுவே நம் கருதுகோள்; தொட்டி வளர்ப்போர் பலரும் கண்ட உண்மையும் இதுவே.

காரணம் மேலிருந்து தொடங்குகிறது. சிறுமீனுக்கு எமன் வானத்திலிருந்து வருவான். மீன்கொத்திக்கும் கொக்குக்கும் தப்பிய மூதாதையரின் வழித்தோன்றல் அது. தலைக்குப் பின்னே மூளைத்தண்டில் மௌத்னர் அணுக்கள் என்னும் பெரிய நரம்பணுக்கள் இரண்டு காவலிருக்கின்றன. ஆபத்து என்று பட்டதும் நொடியின் நூறில் ஒரு பங்கு அளவான நேரத்தில் உடல் வில்லாக வளைந்து பாய்ந்துவிடும். வந்தது மீன்கொத்தியா, தீனி போட நீட்டிய கையா என ஆராய்ந்து தெளிய அங்கே அவகாசம் இல்லை. எனவே மேற்கூரை முதல் தேவை. சால்வினியா போன்ற மிதக்கும் செடி நீர்ப்பரப்பில் பாதிக்கு மிகாமல் படர்ந்திருந்தால் போதும். முழுக்க மூடினால் கீழே உள்ள செடி வெளிச்சமின்றிச் சாகும். நன்றாகக் காய்ந்து பழுப்பான வாதாமர இலையைக் கழுவி ஒன்றிரண்டு போட்டால் தண்ணீர் பழுப்பேறி அமேசான் சாயல் வரும். சென்னைத் தெருக்களில் துப்புரவுப் பணியாளர் கூட்டிக் குவிக்கும் இவ்விலையையே கடையில் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள் என்பதைப் பொருளாதார வல்லுநர் கவனிக்க.

பின்புறம் கபோம்பா, வாலிஸ்னேரியா போன்ற உயரச் செடிகள். பின்கண்ணாடிக்கு வெளியே கறுப்புத் தாள். நடுவில் ஒரு மரக்கட்டை, அதன்மேல் நூலால் கட்டிய ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ். இவற்றின் தண்டுக்கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகும். கட்டையின் நிழலில் கிரிப்டோகொரைன். அதில் பல இனங்கள் இலங்கைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் சொந்தம். இடம் மாற்றி நட்டால் இலையெல்லாம் கரைந்து சோகம் காட்டும். பிடுங்கி எறியாதிருந்தால் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். முன்புறம் வெட்டவெளி. மீனுக்கு முற்றம் என்று ஒன்று வேண்டுமல்லவா?

தொகையும் பாதுகாப்பே. இரண்டு டெட்ரா வாங்குவது ஜோடிப்பொருத்தம் பார்ப்பவர் வேலை. ஆறுக்குக் குறையாமல், கூடுமானால் பத்துக்கு மேல் வாங்க வேண்டும். டபிள்யூ. டி. ஹாமில்டன் 1971இல் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனைக் குளத்தையும், கரையோரத் தவளைகளையும், ஒரு தண்ணீர்ப் பாம்பையும் வைத்து, கூட்டம் என்பது ஒவ்வொரு தவளையும் இன்னொன்றின் மறைவில் ஒதுங்கும் தன்னலம் என்று காட்டினார். இதிலிருந்து கொள்ளத்தக்கது: ஒரே திசை நோக்கி நெருங்கி அணிவகுக்கும் டெட்ராக்களைக் கண்டு “ஆகா” என்கிறோமே, அவை பெரும்பாலும் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. தொட்டி அலங்காரப் போட்டிப் படங்களை இந்தக் கண்ணால் ஒருமுறை பார்க்க. மனம் தெளிந்த டெட்ராக்கள் ஆளுக்கொரு பக்கம் மேயும், படத்துக்கு உதவா.

டெட்ராவினும் கூச்சமுள்ள குள்ளச் சிக்லிட்டுகளுக்கு இரவல் துணிச்சல் தரும் வழக்கமும் உண்டு. கவலையற்று மேலே திரியும் சிறுமீன் சிலவற்றை உடன் விடுவர். அவை இன்னும் விழுங்கப்படவில்லை என்பதைக் குகைக்குள்ளிருந்து பார்த்தபின் சிக்லிட் வெளியே தலைகாட்டும்.

கள்வர் என்றது வலையை. ஒன்றைப் பிடிக்கப் போய்ச் செடியெல்லாம் கலைத்துத் தொட்டியைப் போர்க்களமாக்குவதன் தீங்கு வெளிப்படை. வெளிப்படையல்லாதது வேறு. தேனீக்களின் நடனமொழியைப் படித்தறிந்து 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், அதற்கு நெடுங்காலம் முன்பே, 1938இல், மீன் உலகின் ஒரு ரகசியத்தை வெளியிட்டார். காயம்பட்ட மின்னோ மீனின் தோலிலிருந்து கசியும் பொருள் மற்ற மின்னோக்களைக் கலங்கடிக்கிறது. டெட்ராக்களும் அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. வலையில் ஒன்று உரசினால் சேதி எல்லார்க்கும் போய்விடும்.

எஞ்சியது இறை. தொட்டிக்கு அரசன் அதன் உரிமையாளர்: படியளப்பவரும் அவரே, வலை எடுப்பவரும் அவரே. இவ்விரண்டையும் மீன் பிரித்தறியும்படி நடப்பதே அரசநீதி. நாளும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி. அதன்பின் குனிந்து நோக்காமல், தொட்டியின் மட்டத்துக்கு அமர்ந்து சும்மா இருத்தல். தொடக்கத்தில் அரசர் அமர்ந்ததும் குடிகள் மறையும். நாள்பட, அரசர் நாற்காலியை இழுத்தாலே முன்கண்ணாடிக்கு வந்து நிற்கும். முகம் தெரியுமா என்றால், நீர் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் ஆர்ச்சர் மீன்கள் பழக்கினால் மனித முகங்களைப் பிரித்தறியும் என 2016இல் ஆய்வாளர் வெளியிட்டனர். நியான் டெட்ராவுக்கு அத்துணை ஆற்றல் வேண்டியதில்லை, தீனி டப்பாவை அறிந்தால் போதும்.

இறையச்சத்தின் உச்சம் வேறொரு மீனில் உளது. கேரளத்து மலையாறுகளில் வாழும் செங்கோட்டுக் கெண்டை, கடைகளில் ‘மிஸ் கேரளா’. 1865இல் இதை விவரித்த பிரான்சிஸ் டே, அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார். ஆளுநர் பெயரைத் தாங்கியும் இதற்கு ஆட்சியில் நம்பிக்கையில்லை. நிழல் அசைந்தால் துள்ளும். நீந்த நாலடிக்குக் குறையாத தொட்டியும், கூட்டாளிகளும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மூடியும் வேண்டும். ஃபில்டர் குழாய்க்காக மூடியின் மூலையில் வெட்டிய ஓட்டையையும் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிடுக. இல்லையேல் அவ்வழியே ஆளுநர் பதவி விலகிச் சோபாவுக்கு அடியில் போய்ச் சேர்வார்.