சுஷி சமாதானம்: வாசகர் கேள்வி - பதில்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டுச் சண்டை. அதனால் கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். ஊரை வைத்தே வீட்டுக்காரம்மா கண்டுபிடித்துவிட்டால் நான் பொறுப்பல்ல.

கேள்வி: கல்யாண நாளை மறந்துவிட்டேன். நாலு நாளாக மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. பெங்களூரு ஜப்பான் ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்ச் சமாதானம் செய்யலாமா? (பாலக்கோடு)

பதில்: துணிச்சல்காரர்! முதல் யோசனை: மன்னிப்பை ராயக்கோட்டை தாண்டுவதற்குள் கேட்டு முடித்துவிடுங்கள். பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் நின்றுகொண்டு கேட்டால் எந்தப் பெண்ணும் மன்னிக்கமாட்டார். அங்கே கடவுளே கேட்டாலும் கிடைக்காது.

உட்கார்ந்ததும் சுடச்சுட ஈரத்துண்டு தருவார்கள். அது கை துடைக்க. முகம், கழுத்து, பிடரி என்று கிளம்பிவிடாதீர்கள். சுஷியைக் கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம். ஜப்பானிலும் அது மரியாதைக் குறைவில்லை. களி பிசைந்து வளர்ந்த விரலுக்கு இங்கே முதல் மதிப்பெண். பச்சை மீன் என்றதும் அம்மணி முகம் சுளித்தால் டெம்புரா சொல்லுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரிடம் கற்றுக்கொண்ட ஜப்பான் பஜ்ஜி அது.

பாசம் பொங்கி உங்கள் சாப்ஸ்டிக் குச்சியிலிருந்து அவர் குச்சிக்கு ஒரு துண்டை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். தகனம் முடிந்ததும் எலும்பைக் குச்சியால் எடுத்துக் கைமாற்றுவது ஜப்பானியர் சடங்கு. சாதத்தில் குச்சியை நட்டுவைப்பதும் இறந்தவருக்குப் படைக்கும் முறை. சமாதானத்துக்குப் போன இடத்தில் காரியம் நடத்திவிட்டு வராதீர்கள்.

கடைசியாக வசாபி. தட்டோரம் பச்சையாக ஒரு சிட்டிகை இருக்கும். மிளகாய்க் காரம் நாக்கோடு மல்லுக்கட்டும். வசாபிக் காரம் ஆவியாகி நேரே மூக்குக்கு ஏறும். கடுகில் இருக்கும் அதே சரக்குதான். அசல் வசாபிக் கிழங்கு விலை அதிகம் என்பதால் பல ஹோட்டல்களில் குதிரை முள்ளங்கிக்குப் பச்சைச் சாயம் பூசி வைக்கிறார்கள். எதுவானாலும் தும்மல் வரும். வள்ளுவர் புலவி நுணுக்கம் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதில் கணவன் தும்மினால், யார் நினைத்ததால் தும்மினாய் என்று மனைவி அழுகிறாள். தும்மலை அடக்கினால், யார் நினைப்பதை மறைக்கிறாய் என்று அதற்கும் அழுகிறாள். ஆகவே வசாபியை அவருக்கு முதலில் கொடுங்கள். அவர் தும்மட்டும், நீங்கள்தான் நினைத்தீர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: சாப்ஸ்டிக்கால் களி சாப்பிட முடியுமா? (பென்னாகரம்)

பதில்: குச்சி முறியும். களிக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: தர்மபுரிக்கும் ஜப்பானுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (நல்லம்பள்ளி)

பதில்: தினமும் குடிக்கிறீர்களே ஐயா! நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, வளைந்த எலும்பு என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டோம். அதற்காகக் காவிரி நீரைக் கொண்டுவந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-ல் அடிக்கல், 2013-ல் திறப்பு. கடன் கொடுத்தது ஜப்பான். கோபத்தில் உங்கள் மனைவி டம்ளரை ‘ணங்’கென்று வைக்கிறாரே, அதில் பாதி ஜப்பான் விருந்து ஏற்கெனவே முடிந்துவிட்டது.

கேள்வி: நம் ஊருக்கு ஜப்பான் ஹோட்டல் எப்போது வரும்? (காரிமங்கலம்)

பதில்: கார் தொழிற்சாலை வந்த பிறகு. பிடதியில் டொயோட்டா, ஒரகடத்தில் நிசான் என்று வந்ததும், வேலைக்கு வந்த ஜப்பானியர்கள் சாயங்காலம் நல்ல சோறு தேட ஆரம்பித்தார்கள். அதுவரை ஒகேனக்கல் போங்கள். மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்துத் தருகிற அம்மாக்கள் உண்டு. குழம்பு கொதிக்கிற நேரம் முழுக்க இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எத்தனையோ சண்டை அங்கே தீர்ந்திருக்கும்.

கேள்வி: சாப்பாட்டைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா? (அரூர்)

பதில்: தாராளமாக. மாமியார் பார்ப்பார், அடுத்த சண்டைக்கு முன்பதிவு ஆயிற்று.

கேள்வி: மனைவி கோபித்துக்கொண்டால் ஜப்பான்காரர் என்ன செய்வார்? (பாலக்கோடு, இன்னொருவர்)

பதில்: பாலக்கோட்டில் என்னதான் நடக்கிறது? ஜப்பானில் குன்மா மாகாணத்தில் ட்சுமாகொய் என்றொரு கிராமம். முட்டைக்கோஸுக்குப் பேர்போனது. 2006 முதல் அங்கே ஒரு விழா நடக்கிறது: கணவன்மார்கள் முட்டைக்கோஸ் வயலுக்கு முன்னால் நின்று, மனைவி மேல் உள்ள அன்பைத் தொண்டை கிழியக் கத்துவார்கள். நீங்கள் தக்காளித் தோட்டத்தில் முயன்று பார்க்கலாம். ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர் தக்காளி விலை ஏறிவிட்டது என்று நினைத்து ஓடிவருவார்.

கேள்வி: அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தது சரியா? (அதியமான்கோட்டை)

பதில்: இலக்கியத்துக்குச் சரி. அன்று ராத்திரி அரண்மனையில் என்ன நடந்தது என்று எந்தப் புலவரும் பாடவில்லை. ஆயுளை நீட்டும் ஒரே கனி. அதையும் வெளியில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவரின் வீரத்துக்கு, போர்க்களம் எல்லாம் சும்மா. வள்ளல்களே, தானம் செய்யுமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: அடித்துவிட்டு மறுநாள் ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறார். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். மன்னித்துவிடுவதுதான் குடும்பத்துக்கு நல்லதா? (பாப்பிரெட்டிப்பட்டி)

பதில்: இல்லை அம்மா. மேலே நான் கிண்டலடித்ததெல்லாம் ஊடல். அதில் யாருக்கும் பயம் இருக்காது. உங்களுக்கு நடப்பது வேறு. அந்தச் சாப்பாடு மன்னிப்பு அல்ல, அடுத்த அடிக்கான முன்பணம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ல் வந்த சட்டம் இருக்கிறது. வீடு அவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையை அது உங்களுக்குத் தருகிறது. 181-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். நம்பிக்கையான ஒருவரிடமாவது இன்றே சொல்லிவையுங்கள். தப்பு உங்களுடையது அல்ல.

கேள்வி: சமாதான விருந்துக்கு பில் யார் கட்டுவது? (தர்மபுரி)

பதில்: தப்பு செய்தவர். “பாதிப் பாதி” என்று சொல்பவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை; இன்னொரு பிளேட் டெம்புரா சொல்லுங்கள்.