ஐயப்பன்தாங்கல் தெருநீரில் ரிமோட் பாய்மரப் படகு: காற்றும் ஆழமும் குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

சோழரில் தொடங்காத தமிழ் ஆய்வேடு வாய்மொழித் தேர்வில் தேறாது என்பதால் இக்கட்டுரையும் அங்கேயே தொடங்குகிறது. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் சென்றது. அப்படை ரிமோட் பயன்படுத்தியதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. 1898இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா கம்பியில்லாமல் ஒரு சிறு படகை இயக்கிக் காட்டினார். அதில் பாய் இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பல், பாய் விரித்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது; அதில் ரிமோட் இல்லை. பாயும் ரிமோட்டும் ஒருங்கே அமைந்த கலத்தை ஐயப்பன்தாங்கலில் மிதக்கவிடுவது பற்றி முன்னோர் எழுதாது விட்ட குறையை நிரப்பும் பொறுப்பு, யாரும் கேட்காமலே இக்கட்டுரையாளர் தலையில் விழுந்தது.

2. ஆய்வுக் கருவி

எடுத்துக்கொண்ட கலம் 1988இல் உருவான ‘இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்’ வகையைச் சேர்ந்தது. நீளம் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. எடை 4 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்த எடையில் 2.2 முதல் 2.5 கிலோ வரை, அடியில் தொங்கும் கீலும் அதன் நுனியிலுள்ள ஈயக்குண்டும் சேர்ந்தே பிடித்துக்கொள்கின்றன. காற்று சாய்த்தாலும் படகு நிமிர்வது இதனால்தான். ரிமோட்டின் ஒரு குச்சி சுக்கானைத் திருப்பும். மற்றது பாயின் கயிற்றை இழுக்கும், தளர்த்தும். வேறெதுவும் கிடையாது.

இந்த ‘வேறெதுவும்’ குறித்து எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன் எழுப்பிய ஐயம் பதிவுக்குரியது.

“மோட்டாரே இல்லியா சார்? அப்ப எப்படி ஓடும்?”

“காத்துல ஓடும்ணே.”

“அப்ப பேட்டரி எதுக்கு?”

“கயிறு இழுக்க.”

“கயித்த நம்மளே இழுக்கலாமே சார்.”

இவ்வாதத்துக்கு இன்றுவரை மறுப்பு கிடைக்கவில்லை.

3. செம்மைப்படுத்தும் முறை

சுக்கானை நேராக வைத்துப் படகைப் போகவிட வேண்டும். அது தானாகக் காற்றின் முகத்துக்குத் திரும்பினால் பாய்மரத்தை இம்மியளவு முன்னே சாய்க்க வேண்டும். காற்றை விட்டு விலகி ஓடினால் பின்னே. பாயின் இருபுறமும் பழைய கேசட்டின் நாடாவில் விரலளவு வெட்டி ஒட்டுவது இத்துறையினர் வழக்கம். இரண்டும் படிந்து பின்னோக்கிப் பறந்தால் பாய் சரி. காற்று வரும் பக்கத்து நாடா துள்ளினால் கயிற்றை இழுக்க வேண்டும். மறுபக்கத்து நாடா துவண்டால் தளர்த்த வேண்டும். வெட்டப்பட்டது இளையராஜாவின் எந்தக் கேசட் என்பது குடும்ப அமைதி கருதி இங்கே வெளியிடப்படவில்லை.

4. ஆய்வுக்களம்

போரூர் ஏரி அருகில்தான் இருக்கிறது. ஆனால் சென்னை குடிக்கும் நீரில் ஈயக்குண்டு மிதக்கவிடுவது ஆய்வறத்துக்கு ஒவ்வாது. எஞ்சியது தெரு.

தெருவின் இயல்பு மாதவாரியாக ஆராயப்பட்டது. ஆடியில் அம்மியும் பறக்கும் காற்று. ஒரு சொட்டு நீர் இல்லை. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை, நீர் தாராளம். காற்றோ மவுண்ட்–பூந்தமல்லி சாலையின் மெட்ரோ தூண்களிலும் அடுக்குமாடிச் சுவர்களிலும் மோதி உடைந்து, நாலா திசையிலிருந்தும் தவணை முறையில் வருகிறது. முன் தவணையை நம்பிப் பாயைத் திருப்பினால் அடுத்தது எதிர்வீட்டு கேட்டிலிருந்து வருகிறது. புயல் நாளில் காற்றும் நீரும் சேர்ந்தே வருவது உண்மை. அன்று படகு மட்டுமன்றி ஆய்வாளரும் பறக்கக்கூடும் என்பதால் அந்நாள்கள் விலக்கப்பட்டன.

5. முதன்மைக் கண்டுபிடிப்பு

விதிப்படி இப்படகு நீருக்குள் 37 முதல் 42 செ.மீ. வரை ஆழம் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்த நீரில் கீல் தரை தட்டி, கலம் தெருநடுவே சாய்ந்து நிற்கும். ஆகவே, படகு மிதக்குமளவு நீர் உள்ள தெருவில் ஸ்கூட்டரின் சைலன்சர் மூழ்கியிருக்கும். தரைத்தள வீட்டுக்குள் நீர் புகுந்திருக்கும். பிரிட்ஜை மேசைமேல் ஏற்றும் பணியில் ஆய்வாளரின் இரு கைகளும் ஈடுபட்டிருக்கும். ரிமோட் பிடிக்கவும் அதே இரு கைகள்தாம் தேவை. கை ஓய்ந்திருக்கும் நாளில் நீர் இல்லை. நீர் உள்ள நாளில் கை ஓய்வதில்லை. குறை படகில் இல்லை என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படுகிறது.

6. பரிந்துரை

ஆய்வைத் தொடர, ஒன்று ஆடியில் தெருவில் நீர் தேக்க வேண்டும். அல்லது கார்த்திகையில் பிரிட்ஜ் தூக்க ஆள் தர வேண்டும். இரண்டும் அதிகாரிகளுக்குச் சிரமம் என்றால், மழைநீர் வடிகாலை ஏரி வரை ஒழுங்காக இணைத்துக் கொடுத்தால் போதும். அதனால் இவ்வாய்வு அடியோடு நின்றுபோகும் என்பதை ஆய்வாளர் அறிவார். தமக்கு ஆட்சேபணை ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரவும் சித்தமாயிருக்கிறார்.