நுரையீரல் பாத்திரமா?

இந்த முறை கேள்விகளெல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையிலிருந்து. கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் (டி.எம்.) ஒரு பக்கம், மந்திரவாதியும் வீரனுமாக ஆடுபவர்கள் மறுபக்கம், நடுவில் விதிப்புத்தகம். டிராகனோடு போடும் சண்டையைவிட அரைப்புள்ளியோடு போடும் சண்டைதான் அதிகம் போலிருக்கிறது.

தண்ணீர் வரவழைக்கும் மந்திரத்தால் எதிரியின் நுரையீரலை நிரப்பினேன். டி.எம். ஒப்புக்கொள்ளவில்லை. 10 கேலன் என்று புத்தகத்திலேயே இருக்கிறதே?
— முதல் நிலைப் பூசாரி

அதே வரியில் ‘திறந்த பாத்திரத்தில்’ என்றும் இருக்கிறது. அதை மட்டும் ஏன் விழுங்கினீர்கள்? எதிரி வாயைப் பிளந்தால் அதுவும் திறந்த பாத்திரம்தான் என்று வாதாடுவீர்கள், தெரியும். அதற்கு முன் விலையைப் பாருங்கள். ஒரே சொல்லில் ஆளைக் கொல்லும் ‘பவர் வேர்ட் கில்’ ஒன்பதாம் நிலை மந்திரம். அதுகூட 2014 புத்தகத்தின்படி 100 ஹிட் பாயிண்ட்டுக்கு மேல் உள்ளவரைக் கொல்லாது. ஒன்பதாம் நிலைச் சரக்கு முதல் நிலைக் காசுக்குக் கிடைத்தால் எங்கோ தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

மேஜிக் மிசைலின் மூன்று அம்புக்கும் ஒரே பகடையா, மூன்று பகடையா?

ஒரே நேரத்தில் பலருக்கு அடி விழுந்தால் ஒருமுறை உருட்டினால் போதும் என்பது பொது விதி. ஆக, எழுத்துப்படி ஒன்று. ஆனால் மூன்று உருட்டுவதில் இருக்கிற சுகத்தை எந்த விதியும் தடுத்ததில்லை.

‘சீ இன்விசிபிலிட்டி’ போட்டேன். மறைந்திருந்தவன் பளிச்சென்று தெரிகிறான். இருந்தும் அடிக்கும்போது இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடு என்கிறார் டி.எம். இது நியாயமா?
— கண் தெரிந்தும் கை எட்டாதவர்

நியாயம் இல்லை, ஆனால் 2014 புத்தகத்தின்படி அது சட்டம். ‘மறைந்த நிலை’ என்பதை அங்கே இரண்டு தனிக் குறிப்புகளாக அச்சிட்டார்கள். மந்திர உதவியின்றி அவனைப் பார்க்க முடியாது என்பது முதலாவது. அவனை அடிப்பவருக்குப் பாதகம், அவன் அடித்தால் சாதகம் என்பது இரண்டாவது. உங்கள் மந்திரம் கண்ணைத் திறந்தது. இரண்டாவது குறிப்பைத் தொடவே இல்லை. ‘தெரியாததால்’ என்று ஒரு சொல் அங்கே இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அப்போதைய தலைமை விதி வடிவமைப்பாளர் ஜெரமி கிராஃபோர்டும் எழுத்துப்படியே தீர்ப்பு சொல்லிவிட்டார். பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். நானும் அந்தக் கட்சிதான். 2024 திருத்தப் பதிப்பில், உன்னைப் பார்க்க முடிந்தவரிடம் அந்தச் சலுகை செல்லாது என்று எழுதிச் சேர்த்தார்கள். உங்கள் டி.எம். பழைய புத்தகத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறார். பிறந்தநாள் வந்தால் புதியதை வாங்கிக் கொடுங்கள்.

ஃபயர்பால் வீசினேன். திரைச்சீலை, மேசை எல்லாம் பற்றியது. எதிரியின் மேலங்கி மட்டும் பற்றவில்லை. இது என்ன நெருப்பு?

புத்தக நெருப்பு. யாரும் உடுத்தாத, கையில் பிடிக்காத பொருளைத்தான் அது பற்றவைக்கும். இயற்பியலைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்; நாளைக்கு அது உங்கள் மேலங்கிக்கு எதிராகவும் சாட்சி சொல்லும். 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அப்படி அழைத்திருந்தார்கள். வெடிப்பு சுமார் 33,000 கன அடியை நிரப்பும், இடத்துக்கேற்ப வடிவம் மாறும். 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள நடையில் வெடித்தால் மொத்தம் 330 அடிக்கு நெருப்பு ஓடும். 100 அடி தள்ளி நின்று வீசிவிட்டுச் சிரித்தவர் வகுத்தல் தெரியாதவர். இப்போது 20 அடி ஆரத்தோடு சரி, சமையலுக்குத் தப்பினீர்கள்.

‘சஜஷன்’ மந்திரத்தில் அரசனிடம் நாட்டைக் கொடு என்றேன். டி.எம். சிரிக்கிறார்.

2014 பதிப்பில், யோசனை நியாயமாகத் தோன்றும்படி சொல்ல வேண்டும். யாருக்கு நியாயம்? புத்தகம் வாய் திறக்கவில்லை. அங்கே கொடுத்த உதாரணமோ, எதிரே வரும் முதல் பிச்சைக்காரருக்குப் போர்க்குதிரையைத் தரச் சொல்வது! குதிரை நியாயம் என்றால் நாடு ஏன் ஆகாது என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. 2024இல், செய்யக்கூடியதாக இருந்தால் போதும், வெளிப்படையான ஆபத்து கூடாது, 25 சொல்லுக்குள் முடி என்று மாற்றினார்கள். முடியைக் கழற்றிக் கொடுப்பது செய்யக்கூடியதுதான். மந்திரம் 8 மணி நேரத்தில் தீரும். படை அதற்குள் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

இறுதித் தீர்ப்பு யாருடையது: வடிவமைப்பாளருடையதா, டி.எம்.முடையதா?

‘டிராகன்’ இதழ் 1979 முதலே ‘சேஜ் அட்வைஸ்’ என்று ஒரு கேள்வி-பதில் பகுதி நடத்தியது. எங்கள் தொழிலுக்கு அங்கேயும் பிழைப்பு இருந்தது. அதே பெயரில் பின்னால் வந்த அதிகாரபூர்வத் தொகுப்போ, கிராஃபோர்டின் ட்விட்டர் பதில்கள் அதிகாரபூர்வமல்ல என்று கைகழுவியது. மேசையில் டி.எம். சொன்னதே தீர்ப்பு. ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: இன்று உங்களுக்குச் சொன்ன தீர்ப்பு நாளை அவருடைய சூனியக்காரிக்கும் பொருந்த வேண்டும்.

‘விஷ்’ மந்திரத்துக்கு இரண்டு பக்கத்தில் ஓட்டையே இல்லாத வாசகம் எழுதி வைத்திருக்கிறேன். சரிபார்ப்பீர்களா?

வேண்டாம். வில்லன் சாக வேண்டும் என்று கேட்டால், அவன் தானாகச் செத்துப்போன எதிர்காலத்துக்கு உங்களைத் தூக்கி எறியலாம் என்று டி.எம்.முக்குப் புத்தகமே பாடம் எடுக்கிறது. வாசகம் நீள நீள அவருக்குப் பிடி அதிகம். அதோடு, இப்படி இஷ்டத்துக்குக் கேட்டால் இனி ‘விஷ்’ போடவே முடியாமல் போக 33 சதவீத வாய்ப்பு. எட்டாம் நிலை வரையிலான வேறொரு மந்திரத்தை அப்படியே நகலெடுக்க அதைப் பயன்படுத்தினால் எந்த வில்லங்கமும் இல்லை. வாதாட இடமும் இல்லை என்பதால் உங்களுக்குப் பிடிக்காது.